ஈசல் காலத்து வல்லுநர்

மீன்பிடித்தலில் மனித குலம் மூன்று படிகளைக் கடந்து வந்திருக்கிறது. முதலில் கையால் பிடித்தது. பிறகு வலையால் பிடித்தது. கடைசியில், நாகரிகத்தின் உச்சியில் ஏறி நின்று, பிடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது. இந்த மூன்றாவது படியைக் கல்முனைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த பெருமை, நூலகராக இருந்து ஓய்வு பெற்ற காலிதீன் ஒருவரையே சாரும். அவருக்கு முன்பும் எங்கள் ஊரில் மீன் பிடிக்காமல் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அதற்காக வெட்கப்பட்டார்கள்.

காலிதீன் அதிகம் கதைக்கமாட்டார். ஒரு கேள்வி கேட்டால் முதலில் கேட்டவரைப் பார்ப்பார். பிறகு கேட்டவருக்கு அப்பால் பார்ப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்து முடிவதற்குள் கேட்டவர் தானாகவே ஒரு பதிலைக் கண்டுபிடித்து, “சரியாச் சொன்னீங்க சேர்” என்று நன்றியும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஊரில் அவருடைய அறிவு வளர்ந்தது இப்படித்தான். நிறைய வாசித்த மனிதர் ஒருவர் நிறையச் சும்மா இருந்தால் அதற்குப் பெயர் சிந்தனை. அதைக் காலிதீன் முப்பது வயதிலேயே கவனித்துவிட்டார். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற வருடம் நூலக ஊழியர்கள் அவரை நுவரெலியாவுக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் பூந்தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் தனியாக நடந்து ஒரு குளிர்ந்த ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே ஒரு கனவான், நெஞ்சுவரை ஏறிய இறப்பர் காற்சட்டையோடு, தண்ணீருக்குள் நின்று தூண்டில் கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார். ஒரு மணித்தியாலம் காலிதீன் பார்த்தார். ஒரு மீனும் அகப்படவில்லை. கரையில் நின்றவர்களின் மரியாதை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

காலிதீனுக்குக் கண் கலங்கியது. ஒரு வார்த்தை பேசாமல், ஒரு வேலை செய்யாமல், அவ்வளவு மதிப்போடு நிற்கக்கூடிய ஒரு தொழில் உலகத்தில் இருக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லையே.

கனவான் பெயர் சுஜிந்தன். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை. அவர் தூண்டிலின் தத்துவத்தை விளக்கினார். குளிர் தேசத்து ஆறுகளில் வசந்தம் வந்தால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பூச்சிகள் சிறகு முளைத்து மேலே கிளம்பும். ட்ரவுட் என்ற மீன் அவற்றைத் தின்ன மேலே வரும். அந்த நேரம் பார்த்து இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப்பூச்சியைத் தண்ணீர்மேல் போடவேண்டும். மீன் நம்பினால் பிடித்து, கண்ணோடு கண் பார்த்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடவேண்டும்.

“விட்டா என்ன மிஞ்சும்?” என்று கேட்டார் காலிதீன். அவர் அந்த வருடம் கேட்ட மிக நீளமான கேள்வி அது.

“அனுபவம்” என்றார் சுஜிந்தன்.

காலிதீன் ஊருக்குத் திரும்பியபோது புது மனிதராக இருந்தார். எங்கள் ஊரில் ட்ரவுட் இல்லை. அதனால் என்ன, விரால் இருந்தது. வசந்தம் இல்லை, மாரி இருந்தது. ஆற்றுப்பூச்சி இல்லை, முதல் மழை பெய்த அந்தியில் ஆற்றங்கரைப் புற்றுகளிலிருந்து ஆயிரக்கணக்காய்க் கிளம்பித் தண்ணீரில் விழும் ஈசல் இருந்தது. இறப்பர் காற்சட்டைக்குப் பதிலாகச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டார். தூண்டில் தடியைக் கட்டாரில் இருக்கும் மைத்துனன் அனுப்பினான். பொய் ஈசலுக்கு இறகு, அடுத்த வீட்டுச் சேவல் தந்தது. அதன் சம்மதம் பெறப்படவில்லை. உடம்பைச் சுற்றும் மினுக்கு நூலைத் தன் மனைவி கமீலாவின் கல்யாணச் சாறியின் சரிகையிலிருந்து உருவிக்கொண்டார்.

“இஞ்ச பாருங்க, என்ட கூறைச் சாறிட சரிகை ஒரு பக்கம் முழுக்க இல்ல” என்றாள் கமீலா ஒரு நாள். “எலியா இருக்குமோ?”

காலிதீன் கண்ணாடியைக் கழற்றினார்.

“எலிதான்” என்று முடிவு செய்தாள் கமீலா.

புதுக் கலை எதுவும் எதிர்ப்பில்லாமல் வேரூன்றியதில்லை. ஒரு நாள் பின்னேர அசர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்புத் தேடும்போது, ஆற்று மீனவர் சங்கத்துத் தலைவன் றஸாக், அண்ணனை அழைக்கும் எங்கள் ஊர் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிட்டு, அவரை மறித்தான்.

“காக்கா, ஒரு சந்தேகம். இல்லாத ஈசலை இருக்குதெண்டு காட்டி மீன ஏமாத்துறது பொய்யில சேருமா, சேராதா?”

பக்கத்தில் நின்ற மௌலவி தாடியைத் தடவினார். “திங்கப் பிடிக்கிற எண்டா குத்தமில்ல. நீங்க திங்கத்தானே பிடிக்கிற, சேர்?”

“விட்டுருவன்” என்றார் காலிதீன்.

“திரும்பவும் ஆத்துக்கா?”

“ஓம்.”

“அப்ப மீனுக்கு வாய் கிழிஞ்சது என்னத்துக்கு?”

காலிதீன் மௌலவியைப் பார்த்தார். மௌலவிக்கு அப்பால் மினாராவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ம்ம்” என்றார் மௌலவி. “அதுவும் ஒரு வகையில யோசிக்கவேண்டிய விசயம்தான்.”

“சேர் ஆழமான ஆள், மௌலவி” என்றான் றஸாக். “நமக்கு விளங்காது.”

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் காலிதீன் முகத்துவாரத்துக்கு அருகே ஆற்றோரத்தில் நின்றார். வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிச் சலாம் சொன்னார்கள். ஒன்றிரண்டு தரம் கொக்கி அவருடைய தொப்பியைப் பிடித்தது. ஒரு தரம் காதைப் பிடித்தது. கொள்கைப்படி இரண்டையும் விட்டுவிட்டார்.

இனி முகத்துவாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். எங்கள் ஆறு கடலில் சேரும் வாயை வருடத்தில் பாதிக்கு மேல் கடலே மணல் போட்டு அடைத்து வைக்கும். மாரி பிறந்து தண்ணீர் ஏறினால் அந்த மணலை ஆட்கள் வெட்டிவிடவேண்டும். வெட்டினால் ஆறு கடலுக்குள் பாயும், மீனும் இறாலும் அதோடு போய்விடும். மீனவர்கள் ஒப்பாரி வைப்பார்கள். வெட்டாவிட்டால் ஆறு வயலுக்குள் பாயும். விவசாயிகள் ஒப்பாரி வைப்பார்கள். எப்போது வெட்டுவது என்பதைத் தீர்மானிக்க ஒவ்வொரு வருடமும் செயலகத்தில் கூட்டம் நடக்கும். கூட்டம் நடக்கும்போதே தண்ணீரும் தன் பாட்டில் ஏறும்.

கமீலாவுக்கு ஆற்றோர வயல்வெளியான வட்டையில் நாலு ஏக்கர் வயல் இருந்தது. அவளுடைய உம்மா வழி வந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான். ஆண் மாப்பிள்ளையாக வந்து, கண்மூடி மௌத்தாகும்வரை மாப்பிள்ளையாகவே இருப்பார். வயலுக்கு இடும் பசளை கிடைக்காத வருடம் அந்த வயல் கைவிட்டது. அடுத்த பெரும்போகம் வெள்ளம் கொண்டுபோனது. இந்த முறை கமீலா தானே வரம்பில் நின்று விதைத்திருந்தாள். பயிர் விரல் அளவு எழும்பியிருந்தது.

கூட்டத்தன்று காலை அவள் தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“இண்டைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்.”

காலிதீன் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒவ்வொரு நாளும் ஆத்துக்குள்ள நிக்கிற ஆள் நீங்க. தண்ணி எவ்வளவு ஏறியிருக்கெண்டு உங்களுக்குத் தெரியும். வெட்டோணும் எண்டு சொல்லுங்க. நீங்க சொன்னா ஊர் கேக்கும். இந்தப் போகமும் போனா அடுத்த மாரிக்கு விதைநெல்லும் இல்ல.”

“ஓம்” என்றார் காலிதீன்.

தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் போன கிழமை கணுக்காலை நனைத்த தண்ணீர், மலைப்பக்கத்து மழையால் நேற்று முழங்காலில் இருந்தது. இன்னொன்றும் தெரியும்: வானம் கருத்துவிட்டது, புற்றுகளின் வாயில் ஈரமண் புதிதாகத் திறந்திருக்கிறது, இரண்டொரு நாளில் ஈசல் கிளம்பும். ஒரு வருடமாக அவர் காத்திருந்த அந்தி அது. சுஜிந்தனும் தோழர்களும் மலையிலிருந்து சனிக்கிழமை வருவதாகக் கைத்தொலைபேசிக் குழுவில் எழுதியிருந்தார்கள். முகத்துவாரத்தை வெட்டினால் அந்த அசையாத தண்ணீர் ஒரே இரவில் கடலுக்குப் போய்விடும். வருகிறவர்களுக்குச் சேற்றைத்தான் காட்டவேண்டியிருக்கும்.

செயலகத்தில் கேதீஸ்வரி என்ற அதிகாரி தலைமை தாங்கினார். ஒரு பக்கம் வயல்களின் தண்ணீரைக் கவனிக்கும் வட்டவிதானை சின்னப்போடி, அவருக்குப் பின்னால் விவசாயிகள். மறுபக்கம் றஸாக், அவனுக்குப் பின்னால் மீனவர்கள். நடுவே ஒரு தட்டில் மீன் அடைத்த மாலு பணிஸ். இரு பக்கத்தாரும் ஒரே மனதாக நடந்துகொண்டது அந்தத் தட்டு விசயத்தில் மட்டும்தான்.

“இண்டைக்கே வெட்டோணும் மிஸ்” என்றார் சின்னப்போடி. “தண்ணி வரம்பைத் தொட்டிட்டு. மறுகா அழுது வேலையில்ல.”

“வட்டவிதானைக்கு வானத்தில முகில் கண்டாலே வயிறு கலக்கும்” என்றான் றஸாக். “இன்னும் ஒரு கிழமை தாங்கும் மிஸ். இறால் இப்பதான் விரல் மொத்தத்துக்கு வந்திருக்கு.”

“உன்ட இறாலுக்கு நான் வெள்ளாமையக் குடுக்கிறதா?”

“உங்கட வெள்ளாமைக்கு நாங்க பட்டினி கிடக்கிறதா?”

இப்படியே கொஞ்ச நேரம் போனது. கேதீஸ்வரி பேனையால் மேசையைத் தட்டினார். “ரெண்டு பக்கமும் உங்கட உங்கட நட்டத்தைத்தான் கதைக்கிறீங்க. வயலும் இல்லாத, வலையும் இல்லாத ஆராவது தண்ணியைப் பார்த்திருக்கிறீங்களா?”

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

“காலிதீன் சேர் இருக்கார் மிஸ்” என்றான் றஸாக். “நாள் தவறாம ஆத்துக்குள்ள நிக்கிறவர். பிடிச்ச மீனையும் விட்டுருவார். அவருக்கு வலைப் பக்கம் ஆசை இல்ல.”

“வயல்?”

சின்னப்போடி தொண்டையைச் செருமினார். காலிதீனின் மனைவியின் வயலுக்கு வருடா வருடம் தண்ணீர் திறந்துவிடுகிறவரே அவர்தான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. “வயல் பொண்சாதிட, மிஸ். சேருக்கெண்டு ஒரு முழக் காணியும் இல்ல.”

சபையில் சிரிப்பு எழுந்தது. அதில் பாதிப்பேர் அதே நிலையில் இருந்த மாப்பிள்ளைமார். இவ்வாறு எங்கள் ஊர் முறைப்படி காலிதீன் அந்த மண்டபத்தில் எதையும் இழக்க முடியாத ஒரே மனிதராக அறிவிக்கப்பட்டார். ‘பக்கம் சாராத வல்லுநர்’ என்று கேதீஸ்வரி எழுதிக்கொண்டார்.

“சேர், நீங்க சொல்லுங்க. வெட்டுவமா, பொறுப்பமா? நீங்க சொல்றதுதான் முடிவு.”

காலிதீன் எழுந்தார். ‘வெட்டுங்கள்’ என்பது ஒரே ஒரு வார்த்தை. அது நாக்கின் நுனியில்தான் இருந்தது. அதற்குப் பின்னால் அந்தி வெளிச்சத்தில் அசையாத தண்ணீர் இருந்தது, அதன்மேல் ஆயிரம் ஈசல் சிறகு இருந்தது, கரையில் மரியாதையோடு நிற்கும் சுஜிந்தன் இருந்தார். பொறுங்கள் என்று சொல்ல அவருக்குத் துணிவு இல்லை, அது பாவம். வெட்டுங்கள் என்று சொல்ல மனம் இல்லை; அது சனிக்கிழமை. வாசித்த புத்தகங்களில் எல்லாம், அறிவாளி ஒருவன் இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்கிறான் என்று யோசித்தார். அவன் பெரும்பாலும் சன்னலுக்கு வெளியே பார்க்கிறான்.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மண்டபம் அடங்கியது. மாலு பணிஸைக் கடித்துக்கொண்டிருந்தவர்கூட மெல்லுவதை நிறுத்தினார். காலிதீன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மாட்டிக்கொண்டார், உட்கார்ந்தார்.

“அவசரம் இல்ல எண்டுறார் போல” என்றான் றஸாக், மெதுவாக.

சின்னப்போடி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “ஆபத்தெண்டா சொல்லியிருப்பார்தான். படிச்ச மனிசன்.”

“அப்ப திங்கட்கிழமை திரும்பக் கூடுவம்” என்றார் கேதீஸ்வரி. “வல்லுநரின் ஆலோசனை பெறப்பட்டது” என்று பதிவானது. கலைந்து போகும்போது சிலர் காலிதீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

வீட்டுப் படலையில் கமீலா காத்திருந்தாள். “சொன்னீங்களா?”

“கதைச்சம்” என்றார் காலிதீன். தமிழில் பன்மை எவ்வளவு வசதியானது என்று அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டார்.

“வெட்டுறானுகளா?”

“திங்கட்கிழமை பார்க்கிறதாம்.”

“நீங்க சொல்லியுமா?”

காலிதீன் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முதல் தூறல் விழுந்தது. அந்தியில் ஈசல் கிளம்பியது. புற்று வாயிலிருந்து புகை போல எழும்பி, வெளிச்சத்தில் பொன்னாகி, தண்ணீர் முழுதும் உதிர்ந்தது. விரால்கள் அங்குமிங்கும் வாயைத் திறந்து மூடின. சுஜிந்தன் இல்லை, யாரும் இல்லை. காலிதீன் தனியாக நின்றார். தண்ணீர் தொடைக்கு மேல் இருந்தது. அவர் வீசினார். கொக்கி பின்னால் நின்ற தாழம்பற்றையில் மாட்டியது. அவர் அதைப் பொறுமையாகக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ஈசல் முடிந்துவிட்டது. உடனே மழை வந்தது. தூறல் அல்ல, மழை.

விடியும்போது வட்டை இருந்த இடத்தில் ஒரு கடல் இருந்தது. விவசாயிகளும் மீனவர்களும் சண்டையை மறந்து, கொட்டும் மழையில் மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்தை வெட்டினார்கள். ஆனால் மலைப்பக்கத்துத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வயலுக்குள் ஏறியது இறங்க மனமில்லாமல் நின்றது. விரல் அளவுப் பயிர் அதன் அடியில் கிடந்து அழுகியது. வீதி மூடிக்கிடந்ததால் மலைநாட்டுக் கனவான்கள் வரவில்லை. ‘இயற்கையின் சக்தி’ என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினார்கள்.

வெயில் எறித்த பிறகு கமீலா வயலைப் பார்க்கப் போனாள். காலிதீனும் கூடப் போனார். ஆழம் பார்க்க ஒரு தடி தேவை என்று தூண்டில் தடியை எடுத்துக்கொண்டார். வரம்பு எது, வயல் எது என்று தெரியவில்லை. கமீலா சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

“நீங்க சொல்லியும் கேக்கல்லயே” என்றாள் திரும்பிப் பார்க்காமல். “ஒரு படிச்ச மனிசன்ட சொல்லுக்கு மதிப்பில்லாத ஊர். நாளைக்குச் செயலகத்தில காணிக்காரர எல்லாம் கூப்பிட்டிருக்கு. நான் விடமாட்டன். ஆர் மறுத்ததெண்டு கேக்காம வரமாட்டன்.”

காலிதீன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, அவளுடைய நாலு ஏக்கரின் நடுவில், தண்ணீர் வட்டமாகப் பிளந்தது. பெரிய விரால். கை தானாக எழும்பியது. கயிறு முன்னும் பின்னும் அழகாகப் பறந்தது. ஒரு வருடத்தில் அப்படி ஒரு வீச்சு அமைந்ததில்லை. கல்யாணச் சரிகை மினுங்க, பொய் ஈசல் பூவைப் போலத் தண்ணீரில் இறங்கியது. விரால் நம்பியது.

அவர் அதைக் கையில் எடுத்தபோது முழங்கை நீளம் இருந்தது. கண்ணோடு கண் பார்த்தார். கொக்கியை மெல்லக் கழற்றி, இரண்டு கையாலும் தாங்கி, கனவான்கள் செய்வதுபோலவே தண்ணீருக்குள் விட்டார். அது வாலை ஒரு தரம் ஆட்டிவிட்டுப் போனது.

கமீலா பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்தப் போகம் நம்மட வயல் தந்தது அது ஒண்டுதான்” என்றாள். “அதையும் விட்டுட்டீங்க.”

அவளிடம் உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இருந்திருக்காது. அதனால் காலிதீன் அது கடந்து போகும்வரை காத்திருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் அவளும் பேசவில்லை. மௌனத்தை அவர் வாழ்நாளெல்லாம் உள்ளிருந்தே பார்த்திருந்தார். வெளியே இருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. அதில் சிந்தனை எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் செயலகம் நிரம்பி வழிந்தது. காணி உரித்தாளர் என்ற முறையில் கமீலா முன்வரிசையில் இருந்தாள்; காணி இல்லாத காலிதீன் சுவரோரம் நின்றார். நட்டம் கேட்டு முடிந்ததும் கமீலா எழும்பினாள்.

“மிஸ், எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கு. எங்கட ஊட்டுக்காரர் அண்டைக்கு இந்த இடத்தில நிண்டு, வெட்டோணும் எண்டு சொல்லியிருக்கார். அவர் சொல்லியும் அதை மறுத்த ஆள் ஆர்? எனக்கு அந்தப் பேர் வேணும்.”

கேதீஸ்வரி பேனையைக் கீழே வைத்தார். சின்னப்போடி தரையைப் பார்த்தார். மண்டபத்தில் இருந்த எல்லோரும், சன்னலுக்கு வெளியே பார்க்கத் தகுந்த ஏதோ இருப்பதுபோல, அங்கே பார்த்தார்கள்.

றஸாக்குக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. காலிதீன்மேல் அவன் வைத்திருந்த மரியாதை பெரியது. அந்த மரியாதைக்கு ஒரு பழி வருவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழும்பி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அக்காவை அழைக்கும் எங்கள் ஊர் முறையில் அவளைத் ‘தாத்தா’ என்று விளித்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்:

“தாத்தா, காக்காவை இந்த வம்பில இழுக்காதீங்க. அவரில ஒரு குத்தமும் இல்ல. தண்ணி முழங்காலுக்கு வந்தது அவருக்குத் தெரியும், வயல் உங்கடதெண்டும் தெரியும், எண்டாலும் அவர் ஒரு பக்கமும் சாயல்ல. வெட்டெண்டும் சொல்லல்ல, வெட்டாதெண்டும் சொல்லல்ல. அல்லாவுக்காகச் சொல்றன், அவர் அண்டைக்கு வாயே திறக்கல்ல.”

கமீலா சுவரோரம் திரும்பினாள். காலிதீன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதைத் துடைத்து முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

“எழுதிக்கொள்ளுங்க மிஸ்” என்றாள். “இந்தத் தம்பி இப்ப சொன்னத ஒரு சொல்லும் விடாம எழுதுங்க. அதுதான் என்ட முறைப்பாடு.”